குழாய், கழிப்பறை, சோப்பு: மூன்றும் ஏன் சேர்ந்தே வேண்டும்?

ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் கழிப்பறை கட்டும் திட்டத்தை மும்முரமாக நிறைவேற்றினார்கள். மீதிக் கிராமங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டார்கள். திட்டம் நடந்த ஊர்களில், கழிப்பறை உள்ள வீடுகள் சராசரியாக 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. காகிதத்தில் பெரிய வெற்றிதான். ஆனால் 2014-இல் முடிவுகள் வெளியானபோது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் குடற்புழுத் தொல்லையும் ஊட்டக்குறைவும் இரண்டு வகை ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன.

இதைப் படித்துவிட்டு, கழிப்பறையால் ஒரு பயனும் இல்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அவசர முடிவு அது. கட்டுவது ஒன்று, நோய் குறைவது இன்னொன்று. இடையில் பல படிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் செலவழித்த பணம் சுவராகவும் குழாயாகவும் மட்டும் நிற்கும். கிராமப்புறக் குடிநீர், கழிப்பிடம், கைச்சுத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்து ‘வாஷ்’ திட்டங்கள் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். அவை உடல்நலத்தை எப்படி மேம்படுத்துகின்றன, சில இடங்களில் ஏன் மேம்படுத்தாமல் போகின்றன என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

முதலில் பிரச்சினையின் அளவு. உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, பாதுகாப்பான குடிநீரும் கழிப்பிடமும் கைச்சுத்தமும் இல்லாததால் 2019-இல் மட்டும் சுமார் 14 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவை வயிற்றுப்போக்கு மரணங்கள். இன்னொரு மூன்றரை லட்சம் மரணங்களுக்குக் காரணம் நிமோனியா போன்ற சுவாசத் தொற்றுகள். தண்ணீருக்கும் சளிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். கையைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருவோம். 2022 நிலவரப்படி, உலகில் சுமார் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இருக்கவில்லை. சுமார் 42 கோடிப் பேர் அப்போதும் திறந்தவெளியில்தான் மலம் கழித்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

மலம் வாய்க்கு வரும் வழிகள்

கேட்க அருவருப்பாக இருந்தாலும் அடிப்படை உண்மை இதுதான்: வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, சில வகை மஞ்சள் காமாலை, போலியோ எல்லாம் பெரும்பாலும் ஒருவரின் மலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இன்னொருவரின் வாய்க்குள் போவதால் பரவுகின்றன. நோய் கண்ட ஒருவரின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அதில் ஒரு துளி போதும்.

அந்தத் துளி எந்த வழியில் பயணிக்கிறது? 1958-இல் உலகச் சுகாதார அமைப்பு கிராமப்புறக் கழிப்பிடங்கள் பற்றி வெளியிட்ட ஒரு கையேட்டில் வாக்னர், லானுவா என்ற இருவர் இதைப் படமாகவே வரைந்து காட்டினார்கள். அதன் வெவ்வேறு வடிவங்கள் இன்றும் பயிற்சி வகுப்புகளில் சுவரில் தொங்குகின்றன. மலத்திலிருந்து கிருமி தண்ணீருக்குள் போகலாம். விரலில் ஒட்டலாம். ஈயின் காலில் ஏறலாம். மண்ணில் தங்கி, அங்கிருந்து காய்கறிக்கோ தவழும் குழந்தையின் கைக்கோ வரலாம். இந்த வழிகளில் சில நேராக வாய்க்குப் போகின்றன, மற்றவை உணவின் மேல் இறங்கி அதன் வழியாகப் போகின்றன.

இந்தப் படத்தை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், எந்த வேலை எதைத் தடுக்கிறது என்பது தானாகப் புரியும். கழிப்பறை மலத்தைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்துகிறது, அதனால் கொள்கையளவில் எல்லா வழிகளையும் ஒரே அடியில் அடைக்கிறது. குடிநீரைச் சுத்திகரிப்பது ஒரே ஒரு வழியை மட்டும் அடைக்கிறது. கை கழுவுவது விரல் வழியையும், சமைப்பவரின் கையிலிருந்து உணவுக்குப் போகும் வழியையும் அடைக்கிறது. உணவை மூடிவைப்பது ஈயைத் தடுக்கிறது. குடிநீரை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றவற்றைத் திறந்து விட்டால் கிருமி அடுத்த வழியில் வந்து சேரும், அதற்கு எந்த வழியாக இருந்தாலும் சரிதான்.

தரம் மட்டுமல்ல, அளவும்

‘கெட்ட தண்ணீர் குடித்தால் நோய் வரும்’ என்பது எல்லோருக்கும் தெரியும். ‘தண்ணீர் போதாமல் போனாலும் நோய் வரும்’ என்பது அந்த அளவுக்குத் தெரியாது. என் கணக்கில், இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் வீடுகளின் தண்ணீர்ப் பயன்பாட்டை ஆராய்ந்த டேவிட் பிராட்லியும் அவருடைய சகாக்களும் 1972-இல் தண்ணீர் தொடர்பான நோய்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். குடிக்கும் நீரோடு கிருமியும் உள்ளே போவதால் வருபவை முதல் வகை. காலராவும் டைபாய்டும் இதில் சேரும். உடலையும் கையையும் துணியையும் கழுவத் தண்ணீர் போதாததால் வருபவை இரண்டாம் வகை. சொறிசிரங்கு இதில் சேரும். கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா இதில் சேரும். வயிற்றுப்போக்கில் பெரும்பகுதியும் இதில்தான் சேரும். நீரில் வாழும் ஓர் உயிருக்குள் தங்கி வளர்ந்து பரவுபவை மூன்றாவது. கொசு போல, நீர்நிலை அருகே பெருகும் பூச்சிகளால் வருபவை நான்காவது.

இரண்டாம் வகைக்கு மருந்து, நிறையத் தண்ணீர். அது ஆய்வகத் தரத்தில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. முகம் கழுவக் கிடைத்தால் டிரக்கோமா குறையும், துணி துவைக்கக் கிடைத்தால் சிரங்கு குறையும். ஒரு குடும்பம் எவ்வளவு தண்ணீர் பயன்படுத்தும் என்பதைத் தூரம் தீர்மானிக்கிறது. போய்வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே கொண்டுவருவார்கள், சில சமயம் அதற்கும் பற்றாது. தூரம் அரை மணிக்குள் குறைந்தால் அளவு கொஞ்சம் கூடி, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15, 20 லிட்டர் என்ற அளவில் நின்றுவிடும். அதற்குப் பிறகு பம்பைத் தெருமுனைக்கே கொண்டுவந்தாலும் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. வீட்டு முற்றத்திலேயே குழாய் வரும்போதுதான் அது ஒரே தாவாக இரண்டு, மூன்று மடங்கு ஆகிறது. தெருக்குழாய்க்கும் வீட்டுக்குழாய்க்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் வசதி சார்ந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சுமக்கிறவர் யார் என்பதும் இதில் வருகிறது. 20 லிட்டர் குடம் என்பது 20 கிலோ எடை. வீட்டு வளாகத்தில் தண்ணீர் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் தண்ணீர் எடுப்பது பெண்களின் வேலையாகத்தான் இருக்கிறது. முதுகுவலி, கழுத்துவலி, கர்ப்ப காலச் சுமை, பள்ளிக்குப் போகாத மகள் என்று இதனால் வரும் இழப்புகள் வயிற்றுப்போக்குக் கணக்கில் ஏறுவதே இல்லை.

மூன்றாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு நரம்புச் சிலந்தி எனப்படும் கினியாப் புழு. இதன் இளம்புழு குளத்து நீரில் வாழும் மிகச்சிறிய நீர்ப்பூச்சிக்குள் இருக்கும். அந்த நீரைக் குடித்து ஒரு வருடம் கழித்து, நீளமான புழு ஒன்று காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குளத்தில் வைத்தால் புழு அங்கேயே இளம்புழுக்களைக் கொட்டும். இதற்குத் தடுப்பூசி இல்லை, குணப்படுத்த மருந்தும் இல்லை. 1986-இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த இந்த நோய் 2023-இல் 14 பேருக்கு என்ற அளவுக்கு இறங்கியது. செய்ததெல்லாம் எளிய வேலைகள்: குடிநீரை மெல்லிய துணியில் வடிகட்டுவது, புழு வெளிவரும் ஆளைக் குளத்தில் இறங்கவிடாமல் பார்ப்பது, தேங்கிய நீரில் பூச்சியைக் கொல்லும் மருந்தைக் கலப்பது, மூடிய கிணறும் பம்பும் அமைப்பது. நோய் எந்த வகை என்று தெரிந்தால் எதைச் செய்வது என்பதும் தெரிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

குடிநீர்: கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஆபத்துகள்

குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு கிருமியாகத் தேடுவதில்லை. மனிதக் குடலிலும் விலங்குக் குடலிலும் வாழும் இ-கோலை என்ற பாக்டீரியாவைத் தேடுவார்கள். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். 100 மில்லி லிட்டர் நீரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு.

கிராமங்களில் கிருமியைக் கொல்ல அதிகம் பயன்படுவது குளோரின். அது மலிவானது, குழாயில் போகும்போதும் பாத்திரத்தில் நிற்கும்போதும் தொடர்ந்து காக்கும். அதனால்தான், குழாயின் கடைசி வீட்டில் பிடித்த தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கலங்கல் நீரில் அது சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகளைச் சாதாரண அளவுக் குளோரின் கொல்லாது. கொதிக்கவைத்தால் எல்லாக் கிருமிகளும் சாகும், ஆனால் விறகுக்கு எங்கே போவது? தெளிந்த நீரை நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்துவதும் வேலை செய்யும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். தினமும் ஒரு குடும்பம் முழுக்க இப்படிச் செய்யும் என்று எதிர்பார்ப்பதுதான் கடினம்.

இரண்டாவது ஆபத்து வேதிப்பொருள். இதில் கசப்பான பாடம் வங்கதேசத்தில் நடந்தது. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் சாகிறார்கள் என்று, 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போட்டார்கள். நோக்கம் நல்லது, கிருமிப் பிரச்சினையும் குறைந்தது. ஆனால் நிலத்தடிப் பாறைகளிலும் மண்ணிலும் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்ததை யாரும் சோதிக்கவில்லை. 1990-களில் அது வெளிப்பட்டபோது கோடிக்கணக்கானோர் அந்தத் தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்திருந்தார்கள். தோலில் புள்ளிகள், தடிப்பு, அப்புறம் புற்றுநோய். கடைசியில் கிணறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஆபத்தானவற்றின் பம்புக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஆர்சனிக்குக்கான உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடுக்கு 1.5 மில்லிகிராம். ஃபுளோரைடு மிகுந்தால் பல் கறைபடும், இன்னும் மிகுந்தால் எலும்பு வளையும். கொதிக்கவைத்தால் இவை இரண்டும் போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். எந்தப் புதிய ஆழ்துளைக் கிணற்றிலும் பம்பை மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை வேதிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு செய்தால் யாரும் கிணற்றை மூடமாட்டார்கள்.

சரி, ஊற்றுக்கண்ணில் தண்ணீர் சுத்தமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் குடிக்கும்போதும் அப்படியே இருக்குமா? பெரும்பாலும் இல்லை. குடத்தைக் கொண்டுவரும் வழியில், வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றிவைப்பதில், டம்ளரைக் கையோடு முக்கி எடுப்பதில் கிருமி ஏறிவிடுகிறது. வாய் குறுகிய, மூடியுள்ள, அடியில் குழாய் வைத்த பாத்திரம் ஒன்று இந்தக் கவலையைப் பாதியாவது குறைக்கும்.

கழிப்பறை: எல்லோரும் அல்லது யாருமில்லை

கிராமப்புறத்துக்கு ஏற்றவை என்று நிரூபிக்கப்பட்ட வடிவங்களில் இரட்டைக் குழிக் கழிப்பறை முக்கியமானது. பீங்கான் கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் சிறிது தண்ணீர் நிற்கும். அது நாற்றத்தையும் ஈயையும் தடுக்கும். இரண்டு லிட்டர் ஊற்றினால் மலம் குழிக்குப் போய்விடும். குழியின் சுவரில் இடைவெளிகள் இருப்பதால் நீர் மண்ணில் கசிந்து, கெட்டிப்பொருள் தங்கும். ஒரு குழி நிரம்பினால் இணைப்பை அடுத்ததற்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை ஒன்றிரண்டு வருடம் மூடிவைக்க வேண்டும். அதற்குள் அது நாற்றமில்லாத எருவாக மாறிவிடும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் நெடுநாள் உயிரோடிருக்கும் என்பதால் அந்தக் காத்திருப்பு வெறும் சம்பிரதாயமல்ல. இரண்டு குழி என்ற ஏற்பாட்டின் முழுப் பயனும், மனிதர் கையால் புதிய மலத்தை அள்ளவேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. செலவைக் குறைக்கிறேன் என்று ஒரு குழியை மட்டும் தோண்டி விடுகிறவர்கள் அந்தப் பயனைத்தான் வெட்டி எறிகிறார்கள். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் நீர் போகும்படி இணைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் கொத்தனார் தவறு.

குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. 30 மீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பான அளவு. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டராவது மண் இருக்கவேண்டும். நுண்மண் என்றால் நல்ல வடிகட்டி, தூரம் குறைந்தாலும் பாதகமில்லை. விரிசல் விட்ட பாறை என்றால் 30 மீட்டரும் போதாது. வெள்ளம் வரும் ஊரில் குழியின் மேல்விளிம்பைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் முதல் பெருமழையில் எல்லாம் தெருவுக்கு வந்துவிடும்.

இப்போது ஒடிசாவுக்குத் திரும்பலாம். அங்கே என்ன விட்டுப்போனது? 63 சதவீத வீடுகளில் கழிப்பறை இருந்தது என்றால் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் இல்லை. இருந்தவற்றிலும் பல பயன்படும் நிலையில் இல்லை, பயன்படும் நிலையில் இருந்தவற்றையும் வீட்டில் எல்லோரும் எப்போதும் பயன்படுத்தவில்லை. குழந்தைகளின் மலம் தனிப் பிரச்சினை: அது ஆபத்தில்லாதது என்ற எண்ணத்தில் முற்றத்திலேயே கிடக்கும், உண்மையில் கிருமி அதில்தான் அதிகம். குடிநீரை ஒருவர் தன் வீட்டுக்கு மட்டும் சுத்தம் செய்துகொள்ள முடியும். கழிப்பறை அப்படியல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வயலுக்குப் போகிறார் என்றால், உங்கள் வீட்டுக் குழந்தை தவழும் மண்ணும் உங்கள் சோற்றில் உட்காரும் ஈயும் அவருடைய மலத்தைத் தொட்டவைதான். ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும் மாறினால்தான் ஒவ்வொருவருக்கும் பலன்.

இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு உருவானதுதான் வங்கதேசத்தில் 1999, 2000 வாக்கில் கமல் கர் என்ற இந்திய வளர்ச்சித்துறை ஆலோசகர் தொடங்கிய முறை. மானியமும் கிடையாது, கட்டிக்கொடுப்பதும் கிடையாது. ஊராரோடு மலம் கழிக்கும் இடங்களுக்கு நடந்துபோய், ஒரு நாளைக்கு ஊர் முழுக்க எத்தனை கிலோ மலம் சேர்கிறது, அது எங்கே போகிறது என்று அவர்களையே கணக்குப்போடச் சொல்வார்கள். நாமெல்லாம் ஒருவர் மலத்தை ஒருவர் தின்றுகொண்டிருக்கிறோம் என்ற முடிவுக்கு ஊர் தானே வந்துசேரும். பல நாடுகளில் இது பரவியது, பல ஊர்கள் உண்மையாகவே மாறின. எனக்கு இதில் ஒரு தயக்கமும் உண்டு. ஊரார் முன் வெட்கப்படவைப்பது, ஏழைகள் மேலும் ஒதுக்கப்பட்டவர்கள் மேலும்தான் முதலில் விழுகிறது. கையில் காசில்லாதவர் கட்டும் மண்குழி இரண்டாம் மழைக்காலத்தில் சரிந்தால் அவர் மறுபடி வெளியே போவார். மன மாற்றமும் வேண்டும், முடியாதவருக்குப் பொருளுதவியும் வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று வாதிடுவது களத்தைப் பார்க்காதவர்களின் வாதம்.

கை

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சோப்பும் அதைப் பயன்படுத்த வாராந்திர ஊக்கமும் கொடுத்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. முன்பு கேட்ட சளிக் கேள்விக்கு விடை இதுதான்: மூக்கைத் துடைத்த கை இன்னொருவரின் கையைத் தொடுகிறது, அந்தக் கை மூக்குக்குப் போகிறது. அது நகரப் பகுதி, வாரந்தோறும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். சாதாரணத் திட்டங்களில் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. ஆனாலும் இவ்வளவு மலிவான தடுப்பு முறை மருத்துவத்தில் அரிது.

மலம் கழித்த பின், குழந்தைக்குக் கழுவிவிட்ட பின், சமைக்கும் முன், ஊட்டும் முன், உண்ணும் முன். எப்போது கழுவவேண்டும் என்று கேட்டால் இதை அநேகமாக எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவே இருப்பது அறியாமை அல்ல, தூரம். சோப்பு ஓர் அலமாரியில், தண்ணீர் வேறு இடத்தில், கழிப்பறை இன்னொரு மூலையில் என்றிருந்தால் பழக்கம் உருவாகாது. கழிப்பறை வாசலில் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் சாயும்படி கயிறு கோத்து, பக்கத்தில் சோப்பையும் தொங்கவிட்டால் போதும். கேனுக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவு அற்பம். சோப்பு இல்லையென்றால் சாம்பல் ஓரளவு உதவும். கிருமி, பாக்டீரியா என்று பாடம் நடத்துவதைவிட, அருவருப்பையும் நல்ல பெற்றோர் என்ற பெருமையையும் தொட்டுப் பேசும் பிரசாரங்கள் நன்றாக எடுபடுகின்றன. பள்ளியில் கை கழுவ இடமில்லாமல் பாடப்புத்தகத்தில் மட்டும் கை கழுவுவது இருப்பது இன்னொரு பழைய கதை. மாதவிடாய்க் காலத்தில் மாணவிகள் துணி மாற்றவும் கழுவவும் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே, தனித் திட்டமல்ல.

மூன்றையும் செய்தும் போதாதபோது

2018 வாக்கில் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. குடும்பங்களுக்குக் குளோரின், மேம்பட்ட கழிப்பறை, கை கழுவும் இடம் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அவை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு நன்றாகக் குறைந்தது, கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் குறையவில்லை. குழந்தைகளின் உயர வளர்ச்சி எந்த நாட்டிலும் இவற்றால் கூடவில்லை. பெரிய ஏமாற்றம் இது. பலர் எதிர்பார்த்தது வேறு: தொடர்ந்து கிருமிகளை விழுங்குவதால் குடலின் உட்சுவர் தேய்ந்து, தின்பது உடலில் ஒட்டாமல் போகிறது, சுத்தம் வந்தால் குழந்தை வளரும் என்று நம்பினார்கள்.

ஏன் நடக்கவில்லை? முற்றத்தில் கோழியும் ஆடும் போடும் எச்சத்தை இந்தத் திட்டங்கள் பெரிதாகத் தொடவில்லை. குழந்தை வாயில் வைக்கும் மண்ணைத் தொடவில்லை. தண்ணீரின் அளவு கூடவில்லை, வீட்டுக்குழாய் வரவில்லை. அண்டை வீடுகள் பழையபடியே இருந்தன. சில பாதைகளைப் பாதியளவு அடைத்திருந்தார்கள், கிருமியின் மொத்த அளவு அவ்வளவு இறங்கவில்லை. குளோரின் மாத்திரையையும் விழிப்புணர்வையும் கொடுத்து முடித்துக்கொள்வதைவிட, வீட்டுக்குள் எந்நேரமும் வரும் சுத்தமான குழாய்நீர், நல்ல கழிப்பறை, சிமென்ட் தரை என்று பெரிய பாய்ச்சல் வேண்டும் என்ற வாதம் இதற்குப் பிறகு வலுத்தது. அதற்குப் பணமும் ஆண்டுகளும் ஆகும். அதுவரை மலிவான வேலைகளைச் செய்யாமல் இருப்பதா என்றால், கூடாது. காலராவைத் தடுக்க அவை உதவும், உயரத்தைக் கூட்ட அவற்றை நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

பம்பு உடைந்த பிறகு

1970-களில் இந்தியக் கிராமங்களில் நட்ட வார்ப்பிரும்பு அடிபம்புகள் அடிக்கடி உடைந்துபோயின. ஒரு வீட்டுக்கென்று வடிவமைத்ததை ஊரே நாள் முழுக்க அடித்தால் என்ன ஆகும்? அந்தத் தோல்வியிலிருந்துதான் யூனிசெஃப் உதவியோடு ‘இந்தியா மார்க் 2’ என்ற உறுதியான பம்பு உருவாகி, உலகின் பல நாடுகளுக்குப் பரவியது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது: வாஷர் மாற்றக்கூடப் பூமிக்குள் இருக்கும் முழுக் குழாயையும் வெளியே இழுக்கவேண்டும், அதற்குக் குழுவும் வண்டியும் வேண்டும். பின்னர் வந்த ‘ஆஃப்ரிடெவ்’ பம்பில் குழாயை எடுக்காமலே உள்பாகங்களை ஊரார் இழுத்து மாற்றலாம். அப்படியும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பம்பு வேலை செய்யாமல் கிடக்கிறது என்ற மதிப்பீடு பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது.

காரணம் பெரும்பாலும் இரும்பு அல்ல. உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும், யார் மாட்டுவார், பணம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாததுதான். ஊர்க் குழு ஒன்றை அமைத்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு ஸ்பானர் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது நெடுங்காலமாக வழக்கம். சில வருடங்களில் குழுத்தலைவர் ஊர் மாறியிருப்பார், வசூல் நின்றிருக்கும். பல ஊர்களின் பம்புகளைச் சேர்த்து, சம்பளம் வாங்கும் மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்து, உடைந்த சில நாட்களுக்குள் சரிசெய்தால்தான் பணம் என்று ஒப்பந்தம் போடும் ஏற்பாடுகள் இதைவிட நன்றாக ஓடுகின்றன. குழுவில் தண்ணீர் எடுக்கும் பெண்கள் இருப்பதும் முக்கியம், பெயருக்கு அல்லாமல் கணக்கிலும் பூட்டுச் சாவியிலும் அவர்கள் கை இருக்கவேண்டும். பம்பு ஒரு வாரம் நின்றாலும் மக்கள் பழைய குளத்துக்குப் போவார்கள். வருடத்தில் சில நாள் மட்டும் கெட்ட தண்ணீர் குடித்தாலும், அதுவரை கிடைத்த நலனில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு திட்டத்தை மதிப்பிடப் போகிறவர், எத்தனை கழிப்பறை கட்டினார்கள் என்ற பதிவேட்டோடு நிறுத்தக்கூடாது. கோடையின் கடைசி மாதத்தில், கிணறு வற்றும் நேரத்தில் போகவேண்டும். மறுபடி பெருமழைக்குப் பிறகு போகவேண்டும். குழாயின் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்துக் குளோரின் பார்க்கவேண்டும், வீட்டுப் பாத்திரத்து நீரையும் தனியே சோதிக்கவேண்டும். கழிப்பறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை தேய்ந்திருக்கிறதா, கோப்பை ஈரமாக இருக்கிறதா, உள்ளே விறகு அடுக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சோப்பு நனைந்திருக்கிறதா, உறை பிரிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கைக்குழந்தையின் மலத்தை எங்கே கொட்டுகிறார்கள் என்று தாயிடம் கேட்கவேண்டும், முதியவரும் மாற்றுத்திறனாளியும் இரவில் எங்கே போகிறார்கள் என்று அவர்களிடமே கேட்கவேண்டும். கடைசியாகப் பம்பு எப்போது உடைந்தது, எத்தனை நாளில் சரியானது, யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் சுகாதார நிலையத்துக்குப் போய் வயிற்றுப்போக்குப் பதிவேட்டைத் திறந்தால், அதிலுள்ள எண்கள் ஏன் இறங்கின, ஏன் இறங்கவில்லை என்பது பெரும்பாலும் புரியும்.